டேங்க் ஓரத்து வளைவு

புதுக் குழாய் முதல் நாள் புகையத்தான் செய்யும். எங்கள் தொழிலில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். சூடு வெளியே கசியாமல் இருக்க, காரின் புகைக்குழாய்மேல் ஒரு பட்டியை இறுக்கிச் சுற்றுவோம், காயத்துக்குக் கட்டுப் போடுவதுபோல. கண்ணாடி இழையில் நெய்த பட்டி. தண்ணீரில் ஊறவைத்துச் சுற்றினால்தான் படியும். அதில் இருக்கும் பசை முதல் ஓட்டத்தில் எரிந்து, காருக்கு அடியிலிருந்து வெள்ளையாகப் புகை கிளம்பும். புதிதாக வந்தவர்கள் பதறுவார்கள். நாங்கள் சிரிப்போம். ஓரிரு சுற்றில் அடங்கிவிடும்.

ஓகுமா ஐயா, இதை இன்னொரு பட்டறைக்காரன் ஹிராய் உங்களிடம் சொல்லியிருக்கிறான். அன்று கார்ப் பந்தயச் சர்க்யூட்டில் நின்ற அத்தனை பேரும் சொல்லியிருக்கிறார்கள். அதை வைத்துத்தான் நீங்கள் போலீஸ் வாக்குமூலத்தில், "பட்டியின் புகை என்று அண்ணன் கென்சாக்கு தவறாக நினைத்துவிட்டார்" என்று எழுதி, எனக்கு வாசித்தும் காட்டினீர்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்றீர்கள். தேநீர் கொடுத்தீர்கள், நன்றாகவே இருந்தது. ஆனால் நான் கையெழுத்துப் போடப் போவதில்லை. அந்த வரி தப்பு.

கல்யாணம்கூடப் பண்ணிக்கொள்ளாமல், தலை நரைக்கும்வரை குழாய் வளைத்தவன் நான். எந்தப் புகை எதிலிருந்து வருகிறது என்று தெரியாதவன் என்று என் பெயருக்கு நேரே எழுதி வைத்தால், இந்தக் குன்மா மாவட்டத்தில் என்னை எவன் மதிப்பான்? கோபத்தில் பேசவில்லை. நான் கோபப்படுகிற ஆள் இல்லை, சலித்துக்கொள்கிற ஆள். என் தம்பி தெத்சுரோ அப்படித்தான் சொல்வான்.

சலிப்பு எதனால் என்று கேளுங்கள். என்ஜின் உள்ளே இழுக்கும் காற்றைப் பற்றி எல்லோருக்கும் அக்கறை இருக்கிறது. வெளியே விடுகிற புகையைப் பற்றி ஒருவனுக்கும் கவலை இல்லை. மூக்கடைப்போடு மாடி ஏறிப் பாருங்கள், தெரியும். எரிந்த புகை சீக்கிரம் வெளியேறினால்தான் புதுக் காற்றுக்கு இடம். அதற்காகக் குழாயைக் கண்டபடி அகலமாக்கினாலும் ஆகாது, புகையின் வேகம் செத்துவிடும். அளவான அகலம், என்ஜினிலிருந்து இறங்கும் நான்கு குழாய்க்கும் ஒரே நீளம், முடிந்தமட்டும் குறைந்த வளைவு. இவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

எங்கள் பட்டறைக்கு வருகிறவர்களுக்கு வேண்டியது சத்தம். அப்புறம், சூட்டில் டைட்டானியம் நீலமாக மாறுமே, அந்த நிறம். ஒருவன் வந்தான். என்ஜினில் சக்தி குறைந்தாலும் பரவாயில்லையாம், சுரங்கப்பாதைக்குள் போகும்போது நெஞ்சு அதிர வேண்டுமாம். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை அரசாங்கச் சோதனை வரும். அப்போது நான் பார்த்துப் பார்த்துச் செய்த குழாயைக் கழற்றிப் போட்டுவிட்டு, கம்பெனி சைலன்சரை மாட்டிக்கொண்டு நல்ல பிள்ளையாகப் போய் முத்திரை வாங்கி வருவார்கள். மறுநாள் திரும்பவும் என் குழாய். கேட்டால், எல்லோரும் இப்படித்தானே செய்கிறார்கள் என்பார்கள்.

தெத்சுரோவுக்கு இதில் வருத்தமே கிடையாது. "அண்ணே, சக்தி கண்ணுக்குத் தெரியுமா? சத்தம் காதுக்குக் கேக்குது. வர்றவன் காதோடதான வர்றான்?" என்று சிரிப்பான். வாடிக்கையாளர்களோடு பேசுவது அவன், வெல்டிங் செய்வது நான். கார் ஓட்டுவதும் அவன்தான். எனக்கு ஓட்ட வராது. ஐயா, இதை ஒளிக்க வேண்டியதில்லை. வளைவு வந்தால் என் கால் தானாக பிரேக்குக்குப் போய்விடும். அவன் கால் போகாது. ஹெல்மெட்டுக்குள் ரேடியோவில் என் குரல் கேட்டுக்கொண்டே இருந்தால் அவனுக்குப் பயமே வராது என்பான். நான் வேண்டாம் என்றால் நிறுத்துவான், போ என்றால் போவான்.

சர்க்யூட் கேண்டீனில் உட்கார்ந்தீர்களா? சுவரில் வரிசையாக மரப்பலகைகள் தொங்கும். டர்போ இல்லாத காரில், ஒரு நிமிடத்துக்குள் ஒரு சுற்று முடித்தவர்களின் பெயர்ப் பலகைகள். ஓட்டியவன் பெயர் மேலே, காரைத் தயார் செய்த பட்டறையின் பெயர் கீழே. ஹிராயின் பட்டறைக்கு அங்கே ஒரு பலகை இருக்கிறது. ஒவ்வொரு குளிர்காலமும் அவன் அதற்கு நேர் கீழே உட்கார்ந்து பன்றிக்கறி சூப் குடிப்பான். என்னைப் பார்த்தால் போதும், பெஞ்சைத் தட்டுவான். "கென்சாக்கு, இங்க வா. என் பலகைக்குக் கீழ உக்காந்தா குளிரே தெரியாது." கேண்டீனே சிரிக்கும். நானும் சிரிப்பேன். வீட்டுக்கு வந்த பிறகு சோறு இறங்காது.

நாங்கள் எவ்வளவோ முயன்றோம். எங்கள் பழைய கார் ஒரு நிமிடத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பும். உள்ளே போகாது. குளிர்காலத்தில்தான் காற்று கனமாக இருக்கும், என்ஜினுக்கு வலு கூடும். பிப்ரவரி முடிந்தால் அடுத்த வருடம்தான். வருடம் வருடமாக இந்தக் கூத்து. இந்த ஜனவரிக் குளிரில்தான், சாப்பிட உட்கார்ந்த இடத்தில், தம்பி வாயைத் திறந்தான்.

"அண்ணே, இந்தப் பிப்ரவரியோட நான் ஓட்டறத நிறுத்திக்கறேன். நொசோமிக்கு வாக்குக் குடுத்துட்டேன்."

நொசோமி அவன் மனைவி. அடுப்பருகே நின்றவள் திரும்பவே இல்லை.

"காரு?" என்றேன்.

"வெலைக்குக் கேட்டு வச்சிருக்காங்க. கடைசி ஞாயிறு ஓட்டிட்டு, திங்கக்கிழமை குடுத்துடலாம்."

"என்கிட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு தோணலயா?"

"கேட்டா வேணாம்னுதான சொல்லுவ?" என்றான். சிரித்துக்கொண்டே சொன்னான். அவன் எதையும் சிரித்துக்கொண்டே சொல்பவன். நான் முள்ளங்கி ஊறுகாயை எடுத்துச் சாப்பிட்டேன். அவன் பயந்து ஒதுங்குகிறான், பிற்பாடு ஒருநாள் அந்தப் பலகை இல்லாததை நினைத்து வருந்துவான் என்று எனக்குத் தோன்றியது. அவனுக்கே தெரியாத ஒன்று அவனுக்கு வேண்டியிருந்தது. எனக்கு அது தெரிந்தது.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு வளைவு. காரின் பின்பக்கம், பெட்ரோல் டேங்கைச் சுற்றிக் குழாய் விலகிப் போகும் இடம். அங்கே புகை திரும்பித் தடுமாறும். அந்த வளைவை எடுத்துவிட்டுக் குழாயை நேராகக் கொண்டுபோனால் சக்தி கூடும் என்று எனக்கு ரொம்ப நாளாகத் தெரியும். ஆனால் குழாய் டேங்கை ஒட்டிப் போகும். நடுவில் சூட்டை மறைக்கிற தகடு நிற்க இடம் இருக்காது.

அந்தத் தகட்டை நீங்கள் பட்டறையில், துளைபோடும் மெஷினுக்குப் பின்னால் கண்டெடுத்தீர்கள். "அவசரத்தில் மாட்ட மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது" என்று அன்பாகச் சொன்னீர்கள். அன்றைக்கே சொல்ல நினைத்தேன். நான் மறக்கவில்லை. அதன் நான்கு போல்ட்டையும் எண்ணெய் துடைத்து, நூலில் கோத்து, அந்தத் தகட்டிலேயே கட்டி வைத்திருந்தேன். மறக்கிறவன் இப்படியா வைப்பான்?

குழாயை நேராக்கி, காரை உருளை மேடையில் ஏற்றி, நின்ற இடத்திலேயே முழு வேகத்துக்கு ஓட்டிப் பார்த்தேன். சக்தி கூடியிருந்தது. நான் நினைத்ததைவிட அதிகம். ஐயா, அந்த நிமிடம் பட்டறையில் நான் மட்டும்தான் இருந்தேன். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது, ஆள் இல்லை. எவ்வளவு எரிச்சல் தெரியுமா அது.

இறக்கிப் பார்த்தபோது, டேங்கிலிருந்து வரும் ரப்பர் குழாயில் பழுப்பாக ஒரு தழும்பு. விரலால் அழுத்தினால் அந்த இடம் மட்டும் கொழகொழவென்று உள்ளே போனது. அதை மாற்றி, வேறு வழியாகக் கொண்டுபோக ஒரு வாரம் ஆகும். சாமான் வெளியூரிலிருந்து வர வேண்டும். கடைசி ஞாயிறு வர மூன்று நாள் இருந்தது. நான் உட்கார்ந்து யோசித்தேன். மேடையில் ஓட்டியதைவிடச் சர்க்யூட்டில் காற்று அடிக்கும், சூடு குறையும். நாலு சுற்று தாங்கும், ஐந்தாவது சந்தேகம். எங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு நல்ல சுற்று.

தம்பிக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்பும் பாயை விரித்துக் காருக்கு அடியில் படுத்து, டார்ச் அடித்து, ஒவ்வொரு இடமாகத் தொட்டுப் பார்ப்பான். என் வேலையில் சந்தேகப்பட்டு அல்ல, அது அவனுக்குச் சாமி கும்பிடுவது மாதிரி. அதனால் அந்தத் தழும்பின்மேல் கறுப்பு வண்ணம் அடித்தேன். மெல்லிசாக, இரண்டு பூச்சு. நன்றாகக் காயவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை தரையெல்லாம் உறைபனி. அவன் அடியில் படுத்துக்கொண்டே பேசினான்.

"என்னண்ணே, டேங்க உரசிக்கிட்டுல்ல போகுது?"

"பட்டி சுத்தியிருக்கு பாரு."

"தகடு?"

"பட்டி இருக்கறப்ப தகடு எதுக்கு?"

டார்ச் வெளிச்சம் அங்கேயும் இங்கேயும் போனது. "ரப்பரு புதுசாட்டம் மினுங்குதே?"

"மாத்திட்டேன்டா."

"எதையும் விட மாட்டியே நீ" என்று சொல்லிக்கொண்டே வெளியே வந்து, முதுகில் ஒட்டிய பனியைத் தட்டினான். பிறகு, "தேங்க்ஸ்ணே" என்றான். அது பொய்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவன் மனசு நிம்மதியாக இருந்தால்தான் ஓட்ட வரும். பதற்றத்தோடு போனால் அதுதான் ஆபத்து. இதை நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும்.

முதல் சுற்று டயரைச் சூடாக்க. இரண்டாவது வேகச் சுற்று. ஒரு நிமிடத்துக்குக் கண்ணிமைக்கிற நேரம் அதிகம். கடிகாரப் பலகையைப் பார்த்து நான் தலையில் அடித்துக்கொண்டேன். பின்னால் ஹிராய், "அடடா, போச்சே" என்று இழுத்தான். கடைசிக்கு முந்தின வளைவில் தம்பி சற்று அகலமாகப் போய்விட்டான், அவ்வளவுதான் குறை. மூன்றாவதை மெதுவாக ஓட்டச் சொன்னேன், டயர் ஆற. அந்தச் சுற்றில்தான் புகை தெரிந்தது.

"அண்ணே, உள்ள புகை வாசம் வருது."

"பட்டிடா. புதுசுல்ல."

ஹிராய் கழுத்தை நீட்டிப் பார்த்தான். "என்ன கென்சாக்கு, சன்மா மீன் சுடறியா? எனக்கும் ஒண்ணு எடுத்து வையி." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"அண்ணே, கண்ணு எரியுது. நான் உள்ள வந்துடட்டா?"

"டயரு இப்பத்தான் பக்குவமா இருக்கு. ஒரே சுத்து. வேணும்னா கண்ணாடிய எறக்கிக்க."

"எறக்கினா காத்து புடிச்சு இழுக்குமே?"

அதைச் சொன்னது அவன். நான் சொல்லவில்லை. "அப்படின்னா ஏத்தியே வையி" என்று மட்டும்தான் சொன்னேன்.

அடுத்த வளைவைத் தாண்டினான். பிறகு கேட்டான். "அண்ணே, நெசமாவே பட்டிதானா?"

"பட்டிதான்டா. சுத்தினவன் நான். எனக்குத் தெரியாதா?"

"சரிண்ணே."

அப்புறம் அவன் ஓட்டியதை ஓட்டம் என்று சொன்னால் போதாது. முன்பு விட்ட வளைவில் இம்முறை ஒரு சாண் விலகவில்லை. என்ஜின் சத்தம் அவ்வளவு சுத்தமாக இருந்தது. அந்த நேரான குழாயின் சத்தம், அலறல் இல்லை, ஒரே சீரான இழுப்பு. நான் கண்ணை மூடிக் கேட்டேன். திறந்தபோது கார் கடைசி வளைவுக்குள் வந்துகொண்டிருந்தது, அடியில் மஞ்சளாகத் தெரிந்தது. ஹிராய் என் தோளைப் பிடித்து, "டேய், அது பட்டி இல்லடா, நிறுத்தச் சொல்லுடா" என்று கத்தினான்.

காதில் தம்பியின் குரல். "அண்ணே, தீ. அண்ணே."

"கால எடுக்காத" என்றேன். "கோடு வரைக்கும் எடுக்காத."

அவன் எடுக்கவில்லை. நான் போ என்றால் போவான் என்று முன்பே சொன்னேன்.

கார் என்னைக் கடந்தபோது நான் காரைப் பார்க்கவில்லை. கடிகாரப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் எண் ஐந்து, அடுத்தது ஒன்பது. அதைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினேன். கார் நேராகப் போய் மணலில் இறங்கி நின்றிருந்தது. கதவு திறக்கவில்லை. ஹிராய் தீயணைக்கும் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஓடினான், கனத்த உடம்புக்காரன், இரண்டு தடவை விழுந்து எழுந்தான். அவன் போய்ச் சேர்ந்தபோது தெத்சுரோ உயிரோடு இல்லை.

சடங்கெல்லாம் முடிந்த பிறகு, நொசோமி சோற்று உருண்டை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தாள். உள்ளே புளித்த பிளம் வைத்தது, எனக்குப் பிடித்தது. நான் சாப்பிடாமல் இருக்கிறேன் என்று யாரோ சொன்னார்களாம். தரை வரைக்கும் குனிந்து சொன்னாள்.

"மாமா, உங்களையே வருத்திக்காதீங்க. பட்டின்னுதான எல்லாரும் நெனச்சாங்க. அவரே நெனச்சாரே."

ஐயா, எனக்குத் துக்கம் இல்லாமல் இல்லை. அதைவிட எரிச்சல். ஏனென்றால் அவளுக்கு ஞாபகமே இல்லை. ஓட்டத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை, பட்டறைக்குப் பின்னால் அவள் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தபோது, நான் அந்தக் குழாயில் புதுப் பட்டியைச் சுற்றி, ஸ்டாண்டில் வைத்து, கேஸ் தீயைக் காட்டிக் காட்டி, பட்டியிலிருந்த பசை முழுதையும் எரித்துத் தீர்த்தேன். ஒரு மத்தியானம் பூராவும். ஓட்டத்தின்போது புகை கண்ணை மறைக்கக் கூடாது என்று இந்தத் தடவை முன்கூட்டியே செய்துவிட்டேன். அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஐயையோ மாமா, துணியெல்லாம் நாறிப்போச்சு, மறுபடி தொவைக்கணும்" என்று கூடையில் அள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். போய்க் கேளுங்கள். சொன்னால் ஞாபகம் வரும். அந்தத் துணியில் தம்பி ஞாயிற்றுக்கிழமை உள்ளே போட்டிருந்த பனியனும் இருந்தது.

அந்தப் பட்டியில் எரிவதற்கு ஒன்றுமே மிச்சம் இல்லை. அதனால் அது பட்டியின் புகை என்று நான் தவறாக நினைத்திருக்க வழியே கிடையாது. "வாசம் வருது" என்று அவன் சொன்ன அந்த நொடியே, டேங்க் ஓரத்து ரப்பர் என்று எனக்குத் தெரியும். இன்னும் ஒரு சுற்று தாங்கும் என்பதும் தெரியும். தாங்கியது. நாலு சுற்று என்று நினைத்தேன், நாலாவது சுற்றின் கோட்டைத் தாண்டினான். அந்த வரியை அடித்துவிட்டு இதை எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். தெரியாமல் செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அதற்கு என்ன தண்டனையோ அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை.

கேட்க வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது. சர்க்யூட்காரர்கள் அந்தச் சுற்றைச் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். கார் கோட்டைத் தொடும் முன்பே சிவப்புக் கொடி காட்டிவிட்டார்களாம். கொடி காட்டிய பிறகு ஓடுகிற நேரம் கணக்கில் வராது, அது விதி, எனக்கும் தெரியும். ஆனால் கொடிக்காரன் கையைத் தூக்கியது கார் தாண்டின பிறகு. நுழைவாயில் கேமராவில் பதிந்திருக்கும். நான் போய்க் கேட்டேன். என்னைப் பாவமாகப் பார்த்து, தண்ணீர் கொடுத்து, பின்னால் பேசிக்கொள்ளலாம் என்று அனுப்பிவிட்டார்கள். ஹிராயிடம் சொன்னேன். அவன் என் முகத்தையே பார்த்துவிட்டு எழுந்து போனான். அவன் பலகைக்குப் பக்கத்தில் இன்னொன்று வந்துவிடும் என்ற பொறாமை, வேறென்ன.

நீங்கள் போலீஸ், நீங்கள் கேட்டால் கேமராவைக் காட்டுவார்கள். ஒரே ஒரு தடவை பாருங்கள். பார்த்துவிட்டு, பலகையில் பெயர் எழுதச் சொல்லுங்கள். மேலே தெத்சுரோ என்று இருந்தால் போதும். கீழே பட்டறையின் பெயரை வழக்கப்படி அவர்களே போட்டுவிடுவார்கள், அதை நாம் கேட்க வேண்டியதுகூட இல்லை. எனக்கென்று எதுவும் வேண்டாம் ஐயா. நான் செய்தது எல்லாமே அவனுக்காகத்தான்.